ராத்திரி ஐந்து தடவை பாலுக்கு எழும் குழந்தை: நான் தாமதமாகத் தெரிந்துகொண்டவை

10.45, 12.10, 1.30, 2.50, 4.15. என் மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது என் ராத்திரி இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து, பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, மெதுவாகப் படுக்க வைத்து, நானும் படுத்துக் கண் அசரும் நேரத்தில் அடுத்த சிணுங்கல் கேட்கும். காலையில் எழுந்து வேலைக்கும் போக வேண்டும். அந்த நாட்களில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, இது எதனால் நடக்கிறது, எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று சொல்லியிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கும் ஒரு ராத்திரியும் வந்திருக்காது. இப்போது அதே இடத்தில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் எனக்குப் பெரிய புகார் இல்லை. பிறந்த குழந்தையின் வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும், ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கேட்பது இயல்பு என்று மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பகல், இரவு என்ற கணக்கே அந்த வயதில் குழந்தைக்குத் தெரியாது. இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகுதான் உடம்பு அதைப் பழக ஆரம்பிக்கும். அதனால் மனத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் மாதக் கடைசியில் ஒரே நீட்டாக ஐந்து மணி நேரம் தூங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

நான்காம் மாதம் அது கலைந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழ ஆரம்பித்தாள். பால் போதவில்லையோ என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம், பார்ப்பவர்களும் அதையேதான் கேட்டார்கள். உண்மையில் அந்த வயதில் குழந்தையின் தூக்கம் உருமாறுகிறது. ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம் என்று பெரியவர்களைப் போலச் சுற்று சுற்றாகத் தூங்க ஆரம்பிக்கிறது. நமக்கு ஒரு சுற்று சுமார் 90 நிமிடம் என்றால், குழந்தைக்கு 50 நிமிடம் அளவுக்குத்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பு தட்டும். நாமும் அப்படி விழிக்கிறோம், தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறோம். மார்பில் வாய் வைத்தபடியே தூங்கிப் பழகிய குழந்தை, விழித்ததும் அதே மார்பைத் தேடும். இது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் என் பாலைச் சந்தேகப்பட்டு அழுத நாட்கள் குறைந்திருக்கும்.

ஆறாம் மாதம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். இணை உணவும் ஆரம்பித்தோம். "சாப்பிட ஆரம்பிச்சா ராத்திரி தூங்கிடுவா" என்று எல்லோரும் சொன்னார்கள். நடந்தது நேர்மாறு. பகலில் பாட்டிலில் வைத்துவிட்டுப் போன பாலைப் பாதிகூடக் குடிக்க மாட்டாள். நான் வீடு திரும்பியதிலிருந்து விடியும் வரை என்னை விட மாட்டாள். பகலில் குறைந்த பாலை ராத்திரியில் ஈடு கட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் காணாத அம்மா பக்கத்தில் கிடைக்கும் நேரமும் அதுதான். அம்மா வேலைக்குப் போகும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது என்று பின்னால் மருத்துவர் சொன்னார். அதைக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அந்த இரண்டு மாதத்தில்தான் பணம் கரைந்தது. ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத கனத்த திரை, ஒரே சீராக இரையும் ஒலிப்பெட்டி, தானாக ஆடும் ஊஞ்சல், குழந்தையைப் போட்டு மூடும் உறை மூன்று வகை, விலை கூடிய பால்மாவு, கடைசியாக ஆன்லைனில் ஒரு தூக்கப் பயிற்சி வகுப்பு. கூட்டிப் பார்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே போனது. இதில் உண்மையில் உதவியது திரை மட்டும்தான், அதுவும் விடியற்காலைத் தூக்கத்துக்கு. ஊஞ்சலில் தூங்கிப் பழகியவள் கட்டிலில் படுக்க மறுத்தாள், புதிதாக ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. சாய்ந்த ஊஞ்சலில் குழந்தையைத் தூங்க விடுவதே பாதுகாப்பில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது. தலை முன்னால் சரிந்து மூச்சுப் பாதை அடைபடலாம். அரைத் தூக்கத்தில், நடு ராத்திரி ஒரு மணிக்கு, போனைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். நான் வாங்கிய ஆறில் நான்கு அப்படி வாங்கியவை.

இன்னொரு தவறும் செய்தேன். பால் பாட்டிலில் தானியப் பொடி கலந்து கொடுத்தால் வயிறு நிறைந்து தூங்கும் என்று உறவில் ஒரு பெரியம்மா சொன்னார். அவர் அன்போடுதான் சொன்னார். நான்கு ராத்திரி கொடுத்தேன். தூக்கம் கொஞ்சமும் கூடவில்லை. மலச்சிக்கல் வந்து முக்கி முக்கி அழுதாள். மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார். பாட்டிலில் கெட்டியாகக் கொடுத்தால் புரையேறி மூச்சு அடைக்கலாம், தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். பால்மாவைச் சொன்ன அளவுக்கு மேல் கெட்டியாகக் கரைப்பதும் கூடாது, தண்ணியாகக் கரைப்பதும் கூடாது. தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பது அதைவிட ஆபத்து. ஒரு வயது ஆகும் வரை தேன் நாக்கில் தொட்டு வைக்கக்கூடக் கூடாது. இந்த நான்கையும் யாராவது ஒருவர் உங்களுக்கும் சொல்லத்தான் போகிறார், அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

இப்போது அந்த ராத்திரி. மகளுக்கு எட்டரை மாதம். 2.50 விழிப்பு. கட்டிலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று பயந்து, கூடத்தில் இருந்த பெரிய சோபா நாற்காலியில் போய் உட்கார்ந்து பால் கொடுத்தேன். பாதுகாப்பானதைச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் எதுவும் நினைவில்லை. கண் விழித்தபோது மடி காலியாக இருந்தது. என் இடுப்புக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் நடுவில், மெத்தை உள்வாங்கிய பள்ளத்தில், முகம் துணியைப் பார்த்தபடி அவள் செருகிக் கிடந்தாள். ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துத் தூக்கினேன். வியர்வையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல எனக்கு இனிமையான சத்தம் வேறு இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி 3.40. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று எனக்குத் தெரியாது. விடியும் வரை அவளை நெஞ்சோடு அணைத்தபடி நடந்துகொண்டே இருந்தேன்.

சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு கண் அசருவதுதான் மிக மிக ஆபத்தானது. கட்டிலில் தூங்கிவிடுவோமோ என்று பயந்து நாற்காலிக்குப் போகிறவர்கள் ஆபத்தை நோக்கிப் போகிறோம். தூக்கம் வரும் என்று தோன்றினால் நாற்காலியைவிடக் கட்டில் மேல். தலையணை, போர்வை எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துவிட்டு அங்கே பால் கொடுங்கள், விழிப்பு வந்த உடனே குழந்தையை அதன் இடத்தில் படுக்க வையுங்கள். குழந்தையின் இடம் என்றால் கெட்டியான, சமதளமான மெத்தை, மல்லாந்த நிலை, பக்கத்தில் தலையணையோ பொம்மையோ தளர்ந்த துணியோ இல்லாமல். முதல் ஆறு மாதமாவது அம்மா அப்பா தூங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். இதைத்தான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

காலையில் கணவரிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் வரவில்லை. அதுவரை அவரை நான் ராத்திரியில் எழுப்பியதே இல்லை. எழுந்து என்ன செய்யப் போகிறார், பால் என்னிடம்தானே இருக்கிறது என்பது என் கணக்கு. அவருக்கும் அது வசதியாக இருந்திருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் அன்று அவர் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தபோது, இத்தனை மாதம் நான் எவ்வளவு மறைத்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அதற்கு முந்தைய வாரம் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியபோது கண் மூடிவிட்டது, பின்னால் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். அதையும் அன்றுதான் சொன்னேன்.

அன்று மாலையே இருவருமாக மருத்துவரைப் பார்த்தோம். அவர் முதலில் எடை ஏறும் வேகத்தைப் பார்த்தார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறாள் என்று கேட்டார். குறட்டை, வாயால் மூச்சு விடுவது, பால் எதுக்களிப்பது, காதைப் பிடித்து இழுப்பது எல்லாம் உண்டா என்று விசாரித்தார். தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்புச்சத்து குறைய வாய்ப்புண்டு, அது தூக்கத்தையும் கெடுக்கும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. 'பழக்கம்தான்' என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால் நீங்களும் இவற்றைக் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். அவர் கனடாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார், 2018-இல் வெளியானது. ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை, ஒரு வயதிலும் 28 சதவீதம் பேர் அப்படித்தான். அந்த எண்களைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் குழந்தையிடம் குறை, என்னிடம் குறை என்று எட்டு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தது அந்த நிமிடம் கொஞ்சம் இறங்கியது.

மருத்துவர் சொன்ன முதல் வேலை எளிதாக இருந்தது. ஐந்து ராத்திரி ஒரு நோட்டில் எழுதுங்கள், எப்போது எழுந்தாள், எத்தனை நிமிடம் குடித்தாள், உண்மையிலேயே விழுங்கினாளா என்று. இந்த மூன்றாவது கேள்வியை நான் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பசியில் குடிக்கும்போது தாடை கீழே நன்றாக இறங்கும், ஒன்றிரண்டு சப்புக்கு ஒருமுறை 'க்ளக்' என்று விழுங்கும் சத்தம் வரும், விரல்கள் இறுக்கமாக மூடியிருந்து மெல்ல விரியும். தூக்கத்துக்காகச் சப்பும்போது உதடு மட்டும் படபடக்கும், விழுங்கும் சத்தம் இருக்காது, இரண்டு நிமிடத்தில் உடம்பு தளர்ந்துவிடும். ஐந்து நாள் எழுதிப் பார்த்தால், ஐந்து விழிப்பில் 10.45-உம் 2.50-உம் மட்டும்தான் உண்மையான பசி. மற்ற மூன்றிலும் அவளுக்குப் பால் தேவைப்படவில்லை, திரும்பத் தூங்குவதற்கு வழிதான் தேவைப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய எதையும்விட அந்த நோட்டு எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

அடுத்தது பகல். பகல் பாலைக் கூட்டாமல் ராத்திரிப் பாலைக் குறைக்க முடியாது. ஒன்பது மாதக் குழந்தைக்கு உலகமே வேடிக்கை, கதவு திறந்தால் திரும்பும், பேச்சுக் கேட்டால் திரும்பும். அதனால் வேலைக்குக் கிளம்பும் முன்பும் வந்த உடனேயும் கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, போனை வெளியே வைத்துவிட்டுப் பால் கொடுத்தேன். விடுமுறை நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் கேட்காமலே கொடுத்தேன். படுக்கும் நேர வரிசையையும் மாற்றினோம். முன்பு குளியல், பாட்டு, பால், தூக்கம். இப்போது பால் முதலில், பிறகு வாய் துடைப்பது, பாட்டு, கட்டில். பல் முளைத்துவிட்டதால் பால் வாயில் தேங்கத் தூங்குவது நல்லதில்லை என்பதும் ஒரு காரணம். தூக்கக் கலக்கத்தோடு, ஆனால் கண் திறந்தபடி படுக்க வைக்கப் பார்த்தோம். முதல் பத்து நாள் பெரும்பாலும் தோற்றோம். சொல்லிவிடுகிறேன், இது ஒரே வாரத்தில் வரும் பலன் இல்லை.

பிறகு ராத்திரியை இரண்டாகப் பிரித்தோம். ஒன்பது முதல் இரண்டு மணி வரை அவர் பொறுப்பு, இரண்டுக்கு மேல் நான். 10.45-க்கு நான் எடுத்து வைத்த பாலை அவர் பாட்டிலில் கொடுப்பார், மூன்றாம் நாளிலிருந்து ஒத்துக்கொண்டாள். நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திப் படுக்க வேண்டும். முதல் ராத்திரி 12.10-க்கு என் உடம்பே எழுப்பிவிட்டது. சட்டை நனைந்திருந்தது. கதவில் காதை வைத்து நின்றேன். உள்ளே அழுகை, நடுவில் அவர் குரல், "அப்பா இருக்கேன்டா, அப்பா இங்கதான் இருக்கேன்." கதவைத் திறக்கக் கை போனது. அவரே கதவோரம் வந்து, "நீ போய்ப் படும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். 22 நிமிடம் அழுதாள். தனியாக இல்லை, அவர் கை அவள் வயிற்றின் மேல் இருந்தது. மறுநாள் 14 நிமிடம், நான்காம் நாள் வெறும் சிணுங்கல். அழவே விடாமல் செய்யும் வழிகளும் உண்டு, தனியாக விட்டு நேரம் பார்த்துப் போய் வரும் வழியும் உண்டு. எங்களால் தாங்க முடிந்தது இது. உங்களால் எதைத் தாங்க முடியுமோ அதைத்தான் இரண்டு வாரம் தொடர முடியும், அதனால் அதையே தேர்ந்தெடுங்கள். எந்த வழியாக இருந்தாலும் அம்மாவின் வாசனையும் பாலும் பக்கத்தில் இல்லாத ஒருவர் தூங்க வைப்பது குழந்தைக்கு எளிது. வீட்டில் அப்பா இல்லாவிட்டால் பாட்டியோ சித்தியோ ஒரு வாரம் வந்து தங்கினாலும் போதும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பசிக்காகக் குடிக்கும் இரண்டு பாலை நாங்கள் ஒரேயடியாக நிறுத்தவில்லை. 10.45 பாட்டிலில் இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை 20 மில்லி குறைத்துக்கொண்டே வந்தோம். மார்பில் கொடுப்பவர்கள் அதேபோல இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் குறைக்கலாம். ஆனால் பசியில்லாத மற்ற மூன்று விழிப்புக்கான பாலையும் அவசரப்பட்டு ஒரே வாரத்தில் சேர்த்து நிறுத்தியதில் எனக்கு இடது மார்பில் கல்லுப் போலக் கட்டிக்கொண்டது, குளிரும் காய்ச்சலும் வந்தது. மார்பு கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி எடுங்கள், முழுக்க எடுத்தால் உடம்பு இன்னும் சுரக்கும். தோல் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். முக்கியமான ஒன்று, ஆறு மாதம் ஆகாத குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை என்றால் ராத்திரிப் பாலைக் குறைக்கும் பேச்சே வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டாம் மாதத்தில் நான் அலுவலகக் கழிவறையில் தினமும் அழுதேன். சில ராத்திரி, அவள் அழும்போது எழுந்து வீட்டை விட்டே நடந்து போய்விடலாம் என்று தோன்றியது. தூக்கம் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவர் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாளை நீட்டினார், எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-லிருந்து புழக்கத்தில் இருப்பது. என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பேறுகால மனச்சோர்வு குழந்தை பிறந்த முதல் வாரங்களில் மட்டும் வருவது என்று நினைத்திருந்தேன், முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். குழந்தை தூங்கி, உங்களுக்கும் தூங்க வாய்ப்பு கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால், குழந்தையையோ உங்களையோ காயப்படுத்தும் எண்ணம் ஒரு நொடி வந்து போனாலும், அன்றே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். குழந்தையின் அழுகை தாங்க முடியாத அளவுக்குப் போனால் அதைப் பத்திரமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போவதில் தவறே இல்லை.

பத்தரை மாதத்தில் இரண்டு விழிப்பாகக் குறைந்தது. பிறகு ஒரு சளிக் காய்ச்சல் வந்து எல்லாம் பழையபடி நான்கு விழிப்புக்குப் போனது. அந்த வாரம் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன், நோயில் கணக்குப் பார்க்கக் கூடாது. குணமானதும் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம், இந்தத் தடவை நான்கே நாளில் வழிக்கு வந்தாள்.

இப்போது அவளுக்கு ஒரு வயதும் ஒரு மாதமும். விடியற்காலை நான்கு மணி வாக்கில் ஒருமுறை எழுகிறாள். அந்த ஒன்றை நாங்கள் நிறுத்தவில்லை, மருத்துவரும் அவசரமில்லை என்றார். தலையணை எடுத்த கட்டிலில் உட்கார்ந்து கொடுக்கிறேன். குடித்து முடித்ததும் உள்ளங்கையை என் கழுத்தெலும்பின் மேல் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவாள். அவளைத் தூக்கிப் போய் அவள் இடத்தில் படுக்க வைத்துவிட்டு வந்து நானும் படுக்கிறேன். அந்தச் சோபா நாற்காலியை எப்போதோ வீட்டை விட்டு அனுப்பிவிட்டோம்.